கூட்டத்துக்கு யாரும் வரவில்லை: பட்னமை மறுபடி படித்தபோது

ராபர்ட் பட்னமின் ‘பௌலிங் அலோன்’ புத்தகத்தைப் போன மாதம் இரண்டாவது முறையாகப் படித்து முடித்தேன். முதல் முறை படித்தது 2009-ல். ஆன்சைட் வேலையாக அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இருந்தேன். ஊர் நூலகத்தில் பழைய புத்தகங்களை ஒரு டாலருக்குத் தள்ளிவிடுவார்கள். தலைப்பைப் பார்த்து ஏதோ விளையாட்டுப் புத்தகம் என்று நினைத்துத்தான் எடுத்தேன். உள்ளே பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் கிராஃப். ஆனாலும் விடாமல் படித்தேன், எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

இந்த முறை அப்படி ஆட்ட முடியவில்லை. பாதி இடங்களில் ஓரத்தில் கேள்விக்குறி போட்டேன். ஆனால் ஓரிடத்தில் புத்தகம் என்னை வசமாகப் பிடித்துக்கொண்டது. அதற்குக் காரணம் நானே எழுதிய ஒரு ஆப். அந்தக் கதை கடைசியில்.

பட்னம் சொல்வது என்ன?

பட்னம் ஹார்வர்டில் அரசியல் விஞ்ஞானப் பேராசிரியராக இருந்தவர். 1995-ல் இதே தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். 2000-ல் அதை விரித்துப் புத்தகமாக்கினார். வாதம் எளிமையானது. 1950, 60-களில் அமெரிக்கர்கள் ஏதாவது ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருந்தார்கள். பிறகு மெல்ல மெல்ல விலகிவிட்டார்கள். பள்ளிப் பெற்றோர்-ஆசிரியர் சங்கத்தில் 1964-ல் 1 கோடியே 20 லட்சம் பேர். 1982-ல் 50 லட்சம். “கடந்த ஒரு வருடத்தில் ஊர் விவகாரம் அல்லது பள்ளி விவகாரம் பற்றிய பொதுக்கூட்டம் எதற்காவது போனீர்களா?” என்ற கேள்விக்கு ஆம் என்றவர்கள் 1973-ல் 22 சதவீதம். 1993-ல் 13 சதவீதம்.

தலைப்பில் வரும் பௌலிங்கும் இப்படி ஒரு எண்தான். 1980-க்கும் 1993-க்கும் நடுவில் பௌலிங் விளையாடுபவர்கள் 10 சதவீதம் கூடினார்கள். ஆனால் லீக்கில் சேர்ந்து விளையாடுபவர்கள் 40 சதவீதம் குறைந்தார்கள். லீக் என்றால் வாராவாரம் ஒரே குழு, ஒரே நேரம். உங்கள் முறை வரும்வரை பீட்சா, பீர், ஊர்க்கதை. அந்த ஊர்க்கதைதான் பட்னமுக்கு முக்கியம். பள்ளிக்கூட வரி ஏறப்போகிறதா, சாலை ஏன் இப்படிக் கிடக்கிறது என்று பேசும் இடம் அதுதான்.

இதற்கும் ஜனநாயகத்துக்கும் என்ன சம்பந்தம்? அதற்கு அவருடைய முந்தைய இத்தாலி ஆய்வுக்குப் போக வேண்டும். 1970-ல் இத்தாலி முழுக்க மாகாண அரசுகளை அமைத்தார்கள். ஏறக்குறைய ஒரே அமைப்பு, ஒரே அதிகாரம். வடக்கில் நன்றாக ஓடியது, தெற்கில் தடுமாறியது. பணம், கல்வி என்று பல காரணங்களைச் சோதித்துவிட்டு, பாட்டுக்குழுவும் கால்பந்துக் கிளப்பும் கூட்டுறவுச் சங்கமும் நிறைந்த ஊர்களில்தான் அரசு ஒழுங்காக வேலை செய்கிறது என்ற முடிவுக்கு 1993-ல் வந்தார். மக்கள் சேர்ந்து வேலை செய்யப் பழகுவதைத்தான் அவர் ‘சமூக மூலதனம்’ என்கிறார்.

முதல் சிக்கல்: எதால் வகுக்கிறோம்?

டேட்டாவோடு பிழைப்பு நடத்துகிறவன் என்பதால் என் கண் முதலில் போனது வாக்குப்பதிவு எண்களுக்கு. 1960 அதிபர் தேர்தலில் 63 சதவீதம், 1996-ல் 49 சதவீதம் என்று பட்னம் காட்டுகிறார். பயங்கரமான சரிவு, இல்லையா?

ஆனால் இது வாக்களிக்கும் வயதுள்ள எல்லாரையும் வைத்து வகுத்த எண். அதற்குள் குடியுரிமை இல்லாத குடியேறிகள் வருகிறார்கள். தண்டனையால் வாக்குரிமை இழந்தவர்களும் வருகிறார்கள். 1970-களுக்குப் பிறகு இந்த இரண்டு கூட்டமும் பெருகின. மைக்கேல் மெக்டொனால்டும் சாமுவேல் பாப்கினும் 2001-ல் இவர்களைக் கழித்துவிட்டு, உண்மையில் வாக்களிக்கத் தகுதி உள்ளவர்களால் வகுத்துப் பார்த்தார்கள். 1972-க்குப் பிந்தைய ‘சரிவு’ கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. 1971-ல் வாக்களிக்கும் வயதை 18 ஆகக் குறைத்ததும் கணக்கில் உண்டு. இளைஞர்கள் எப்போதுமே குறைவாகத்தான் வாக்களிக்கிறார்கள்.

இன்னும் பெரிய அடி 2020-ல் விழுந்தது. தகுதியுள்ளவர்களில் சுமார் 66 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 1900-க்குப் பிறகு இவ்வளவு இல்லை. பங்கேற்பு கூடினால் ஜனநாயகம் செழிக்கும் என்றால் அது பொற்காலமாக இருந்திருக்க வேண்டும். நடந்தது என்ன? இரண்டே மாதத்தில், 2021 ஜனவரி 6 அன்று, தோல்வியை ஏற்காத கும்பல் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. வந்தவர்கள் யாரும் ‘தனியாகப் பந்து உருட்டியவர்கள்’ இல்லை. ரொம்பவே சேர்ந்துதான் வந்தார்கள்.

இரண்டாவது சிக்கல்: சங்கம் இருந்தால் போதுமா?

இதற்கு ஜெர்மனியை விடக் கொடுமையான உதாரணம் கிடையாது. 1920-களில் அங்கே சங்கத்துக்குப் பஞ்சமே இல்லை. பாட்டுக்குழு, உடற்பயிற்சிக் கழகம், செஸ் கிளப், ஏன், பௌலிங் கிளப்பே இருந்தது. ஷெரி பெர்மன் 1997-ல் எழுதிய கட்டுரையில், நாஜிக் கட்சி இந்தச் சங்க வலைக்குள் நுழைந்துதான் ஊர் ஊராக ஆள் பிடித்தது என்று காட்டினார். 2017-ல் மூன்று ஆய்வாளர்கள் இருநூறுக்கும் மேற்பட்ட ஜெர்மன் நகரங்களின் சங்கப் பட்டியலைத் திரட்டிச் சரிபார்த்தார்கள். சங்கங்கள் அடர்த்தியாக இருந்த ஊர்களில்தான் நாஜிக் கட்சி வேகமாக வளர்ந்திருக்கிறது. அரசியல் நிலையாக இருந்த பிரஷ்யா பகுதியில் மட்டும் இந்த விளைவு பலவீனம். அதாவது மேலே அரசு ஆடிக்கொண்டிருந்தால் கீழே உள்ள சங்கம் எதற்கு வேண்டுமானாலும் பயன்படும்.

பட்னமுக்கு இது தெரியாமல் இல்லை. தன் ஆட்களைத் தன் ஆட்களோடு இறுக்கிக் கட்டுவது ஒரு வகை, வேறு ஆட்களோடு பாலம் போடுவது இன்னொரு வகை என்று பிரித்துச் சொல்கிறார். இருண்ட பக்கத்துக்கென்று ஒரு அத்தியாயமே உண்டு. என் புகார் என்னவென்றால், அந்தப் பிரிவை முன்னுரையில் சொல்லிவிட்டு, எண்களை அடுக்கும்போது மறந்துவிடுகிறார். எல்லாம் ஒரே கூடையில் விழுகிறது.

இந்தப் பிரிவை அடித்தளமாக வைத்து நம் நாட்டிலேயே ஒரு ஆய்வு இருக்கிறது. அஷுதோஷ் வர்ஷ்னியின் 2002 புத்தகம். அலிகர்கிலும் கோழிக்கோட்டிலும் முஸ்லிம்களின் விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். முன்னதில் கலவரம், பின்னதில் அமைதி. காரணமாக அவர் காட்டுவது, இரு மதத்தினரும் சேர்ந்து உறுப்பினராக உள்ள வணிகர் சங்கம், தொழிற்சங்கம், வாசகசாலை போன்றவை. எத்தனை சங்கம் என்பதைவிட, அந்த நாற்காலிகளில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதுதான் அங்கே கேள்வி.

மூன்றாவது சிக்கல்: யார் விட்டுப் போனார்கள்?

மக்கள் ஏன் விலகினார்கள் என்பதற்கு பட்னம் ஒரு பட்டியல் தருகிறார். தலைமுறை மாற்றம் சுமார் பாதி, டிவி கால் பங்கு, ஊர் பரந்து பயணநேரம் கூடியது 10 சதவீதம், வேலை நெருக்கடி 10 சதவீதம். தோராயம்தான் என்று அவரே சொல்லிவிடுகிறார். ஆனாலும் தொனி என்னவோ ஜனங்கள் சோபாவில் சாய்ந்துவிட்டார்கள் என்பதுதான்.

தீடா ஸ்காச்போல் 2003-ல் எழுதிய ‘டிமினிஷ்ட் டெமாக்ரஸி’ இதைத் திருப்பிப் போடுகிறது. என்னைக் கேட்டால், பட்னமைப் படிப்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பழைய சங்கங்கள் ஊர்க் கிளை, மாநிலம், தேசம் என்று மூன்று அடுக்காக இருந்தன. ஊர்க்கிளையில் தச்சரும் வங்கி மேனேஜரும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். யார் வேண்டுமானாலும் செயலாளராகி, பிரதிநிதியாகி, மேலே போகலாம். படைவீரர் சங்கமான அமெரிக்கன் லீஜன் அப்படி வளர்ந்ததுதான். இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்குக் கல்வி உதவி தந்த 1944 சட்டத்தின் வரைவே அந்தச் சங்கத்திலிருந்து வந்தது. சில பெரிய பல்கலைக்கழகத் தலைவர்கள் அதற்கு எதிர்ப்புக்கூடத் தெரிவித்தார்கள். கடைசியில் 78 லட்சம் பேர் அதன்மூலம் படிப்போ பயிற்சியோ பெற்றார்கள்.

1960-களுக்குப் பிறகு படித்த மேல்தட்டு இந்த வழியைக் கைவிட்டது என்கிறார் ஸ்காச்போல். தலைநகரில் அலுவலகம், சம்பளத்துக்கு நிபுணர்கள், தபாலில் நன்கொடைக் கடிதம். உறுப்பினரின் வேலை காசோலை அனுப்புவது, அவ்வளவுதான். கூட்டம் தேவையில்லை, கிளை தேவையில்லை. ஜனங்கள் விட்டுப் போனார்கள் என்பதைவிட, ஜனங்களின் தேவையே இல்லாமல் வேலை நடக்க ஆரம்பித்துவிட்டது.

பழைய சங்கங்களைக் கோயில் ஆக்கவும் வேண்டாம். பலவற்றில் கறுப்பினத்தவருக்கு இடம் இல்லை, பெண்களுக்கு இடம் இல்லை. அந்த 1944 சட்டத்தின் பலனும் தென் மாநிலங்களில் கறுப்பின வீரர்களுக்குப் பெருமளவு மறுக்கப்பட்டது. ஸ்காச்போல் இதை மறைக்கவில்லை.

என் ஆப்

ஸ்காச்போலைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. இதைத்தானே நானும் செய்தேன்?

எங்கள் அடுக்ககத்தில் 84 வீடுகள். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் சங்கக் கூட்டம் நடக்கும். நாற்பது பேர் வருவார்கள். தண்ணி லாரி கணக்கு, லிஃப்ட் பராமரிப்பு, வாட்ச்மேன் சம்பளம். மூன்று மணி நேரம் சண்டை. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் எதற்கெடுத்தாலும் எழுந்து “எந்த விதிப்படி?” என்று கேட்டு எல்லார் உயிரையும் வாங்குவார்.

2017-ல் மூன்று வார இறுதி உட்கார்ந்து ஒரு ஆப் எழுதிக் கொடுத்தேன். புகார், கட்டணம், வாக்கெடுப்பு எல்லாம் அதிலேயே. ஒழுகும் குழாயைச் சரிசெய்ய முன்பு ஒரு வாரம் ஆகும். இப்போது மறுநாளே ஆள் வந்துவிடுவார். எல்லாரும் பாராட்டினார்கள். கூட்டத்துக்கு வருபவர்கள் பத்துப் பேர் ஆனார்கள். “அதான் ஆப் இருக்கே சார், எதுக்கு மீட்டிங்?” இரண்டு வருடத்தில் கூட்டம் நின்றுபோனது. யாரும் வருத்தப்படவில்லை. நானும்தான்.

போன வருடம் ஆப்பில் ஒரு வாக்கெடுப்பு வந்தது. வீட்டு வேலைக்கு வருபவர்கள் முன் லிஃப்டில் ஏறக்கூடாது, பின்பக்க சர்வீஸ் லிஃப்ட் மட்டும்தான் என்று தீர்மானம். ஆம் 58, இல்லை 9. நான் சிக்னலில் நிற்கும்போது ‘ஆம்’ அழுத்தினேன். முழுதாகப் படிக்கக்கூட இல்லை, திரையிலிருந்து அந்த அறிவிப்பு போனால் சரி என்றிருந்தது. அடுத்த வாரம் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா ஐந்து மாடி படியேறி மூச்சு வாங்க வந்து நின்றார். சர்வீஸ் லிஃப்ட் ரிப்பேர்.

“முன்னாடி லிஃப்டுல வரலாமேக்கா?”

“ஏறக் கூடாதாம் சார். எல்லாரும் ஓட்டுப் போட்டுட்டீங்களாமே.”

கணக்குப் பாருங்கள். 84-ல் 67, எண்பது சதவீத வாக்குப்பதிவு. பழைய கூட்டத்தில் பாதி வீடுகூட வந்ததில்லை. பங்கேற்பை எண்ணால் அளந்தால் என் ஆப் எங்கள் ஜனநாயகத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிவிட்டது! ஆனால் அந்தக் கார் நிறுத்துமிடத்தில் இந்தத் தீர்மானத்தை எழுந்து நின்று வாசிக்க வேண்டியிருந்தால்? “எந்த விதிப்படி?” என்று அவர் கேட்டிருப்பார். நான் பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் கை தூக்கியிருக்க வேண்டும். தூக்கியிருப்பேனா என்று தெரியாது. குறைந்தபட்சம் என்ன தீர்மானம் என்று தெரிந்திருக்கும். ஒன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பழைய கூட்டத்திலும் அக்காவுக்கு நாற்காலி கிடையாது.

பிறகு நான்கு பேர் கையெழுத்துப் போட்டுப் பழையபடி கூட்டம் கேட்டோம். முதல் மாதம் கோரம் சேரவில்லை. அடுத்த மாதம் 31 பேர் வந்தார்கள். இரண்டரை மணி நேரம் கத்தினோம். தடையை நீக்க 18, கூடாது என்று 13. நான் கவனித்தது அதற்கடுத்த மாதத்தை. தோற்ற 13 பேரில் பெரும்பாலானவர்கள் மறுபடி வந்து உட்கார்ந்து தண்ணி லாரிக் கணக்கில் எங்களைக் குடைந்தெடுத்தார்கள்.

பட்னமின் எண்களில் ஓட்டை உண்டு, காரணப் பட்டியலும் எனக்குத் திருப்தி இல்லை. ஆனால் ஏதோ ஒன்று போய்விட்டது என்ற அவருடைய பதற்றம் சரிதான். அது என்ன என்பதற்கு என் பதில் இது: தனக்கு ஒவ்வாத ஆளோடு ஒரே அறையில் உட்கார்ந்து, பேசி, தோற்று, அடுத்த மாதமும் வந்து உட்காரும் பழக்கம். வாக்குப்பதிவு சதவீதத்தில் அது தெரியாது. உறுப்பினர் எண்ணிக்கையிலும் தெரியாது. வசதி என்ற பெயரில் அதைக் கழற்றிவிடுவது ரொம்ப சுலபம், மூன்று வார இறுதி போதும்.

ஆப் இன்னும் ஓடுகிறது. குழாய் ஒழுகினால் அதில்தான் புகார். வாக்கெடுப்புப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டேன்.