தமிழ் நூல்களில் ஆசீவகம்: சான்றும் துணிபும்

முன்னுரை

சமயம் பண்பாட்டை உருவாக்குகின்றது. பண்பாடும் சமயத்தை உருவாக்குகின்றது. பெருஞ்சமயங்களின் வரலாற்றில் இவ்வுண்மை எளிதிற் புலப்படும். அவற்றுக்குக் கோயிலும் நூலும் அடியார் கூட்டமும் நிலைத்திருத்தலின், எது எதனை மாற்றிற்று என ஒப்பிட்டுக் காண வழி உண்டு. கோயிலும் எஞ்சாது, தனக்கென ஒரு நூலும் எஞ்சாது மறைந்த சிறு சமயத்தின் வரலாற்றில் அஃது அத்துணை எளிதன்று. ஆசீவகம் அத்தகைய சமயம். மகாவீரரின் காலத்தவரான மக்கலி கோசாலரைத் தலைவராகக் கொண்டு வடபுலத்தில் எழுந்த இச்சமயம், அங்கு மறைந்த பின்னரும் தமிழகத்தில் நெடுநாள் வாழ்ந்தது. ஆயினும், அதனைப் பற்றி இன்று நாம் அறிவன யாவும் பிறர் வாய்மொழியாகவே அறிவன.

கிருட்டினகிரி மாவட்டத்து நாகரசம்பட்டியைச் சேர்ந்த முதுகலை மாணவர் ஒருவர் இச்சமயத்தைத் தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டு எம்மிடம் வந்தார். தம் ஊர்ப்பக்கத்து வேடியப்பன் கற்கள் ஆசீவகத் துறவியரின் நினைவுக் கற்களே என நிறுவுதல் அவர்தம் நோக்கம். முடிவு முன்னரே எழுதப்பட்டிருந்தது. சான்று தேடுதலே எஞ்சியிருந்தது. அன்று யாம் அவருக்குக் கூறிய மறுப்பு எமக்கே நிறைவு தரவில்லை. மறுத்தல் எளிது, தமிழ் நூல்கள் எவ்வளவு சொல்கின்றன, எவ்விடத்தில் நின்று விடுகின்றன என வரையறுத்துக் காட்டுதலே ஆசிரியர் கடன். அவ்வரையறையே இக்கட்டுரையின் பொருள்.

பகைவர் கூற்றும் சான்றும்

தமிழில் ஆசீவகக் கொள்கையை விரித்துரைப்பன மூன்று நூல்கள். மணிமேகலை பௌத்த நூல். நீலகேசி சமண நூல். சிவஞான சித்தியார் சைவ நூல். மூன்றும் ஆசீவகத்தை ஏலாதவை. ஏலாதவர் கூற்றை எவ்வாறு சான்றாகக் கொள்வது? யாம் கொள்ளும் அளவுகோல் இது: மறுப்பவர் தம் மறுப்புக்கு வேண்டாத ஒன்றைக் கூறுவாராயின், அது பெரும்பாலும் கேட்டறிந்ததாகும், மறுப்புக்கு மிக ஏற்றதாக ஒன்றைக் கூறுவாராயின், அதனை ஐயுறுதல் வேண்டும்.

மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரிற் சமயவாதிகள் பலரும் தத்தம் கொள்கையை உரைக்க மணிமேகலை கேட்கின்றாள். அவருள் ஆசீவகவாதியும் ஒருவன். உயிரும் நால்வகை அணுவுமாகப் பொருள் ஐந்து என்கின்றான் அவன். அணுக்கள் செறிந்தவிடத்து வயிரமாகும். இடைவெளி பட்டவிடத்து மூங்கிலாகும். தனி அணு தெய்வக் கண்ணுடையார்க்கன்றிப் பிறர்க்குப் புலனாகாது, திரண்டவழிப் புலனாகும். இதற்கு அவன் காட்டும் உவமை சுவை மிக்கது. மாலை மங்கலில் ஒற்றை மயிர் கண்ணுக்குத் தெரியாது, மயிர்த்திரள் தெரியும்.

இவ்வுவமை சாத்தனாருக்கு வேண்டியதன்று. ஆசீவகனை இழிவு செய்வது அவர் கருத்தாயின், இத்துணைத் தெளிவான எடுத்துக்காட்டை அவன் வாயில் வைத்திரார். அவனுக்குரிய விடையும் நூலில் இல்லை. சொற்குழப்பம் என ஒரு தொடரால் ஒதுக்கிவிட்டு மணிமேகலை அடுத்த வாதியிடம் செல்கின்றாள். ஆதலின், இப்பகுதி ஆசீவகர் தமிழில் வழங்கிய பாடம் ஒன்றன் சுருக்கம் எனக் கருத இடமுண்டு. அவ்வாறாயின், அணுவைப் பற்றித் தமிழிற் பேசுதற்குரிய சொல்லும் உவமையும் ஆக்கிக்கொண்டவருள் ஆசீவகரும் இருந்தனர் என்பது பெறப்படும். இச்சமயம் தமிழ்ப் பண்பாட்டுக்கு அளித்த கொடைகளுள் ஐயமின்றிச் சுட்டத்தக்கது இஃதொன்றே என்போம்.

தமிழ் மண்ணில் உற்ற மாற்றம்

இனித் தமிழ்நிலம் ஆசீவகத்தை எவ்வாறு மாற்றிற்று எனக் காண்போம்.

பிறப்புகளை நிறத்தால் வகுத்தல் இச்சமயத்தின் பழைய கொள்கை. பாலி நூல் கருமை, நீலம், செம்மை, மஞ்சள், வெண்மை, தூய வெண்மை என ஆறு கூறும், ஆறாவதே மேனிலை. மணிமேகலையோ கருமை, கருநீலம், பசுமை, செம்மை, பொன்மை, வெண்மை என ஆறு பிறப்புக் கூறி, அவற்றைக் கடந்த கழிவெண்பிறப்பை வீட்டுக்கு வாயிலாக வேறு வைக்கின்றது. பசுமை புதிதாகச் சேர்ந்துள்ளது, மஞ்சள் பொன்னாகியுள்ளது, வீடு பிறப்பின் வரிசையினின்று பிரிந்து தனி நிலையாகியுள்ளது. பிறப்பு வேறு, வீடு வேறு எனத் தெளிவாகப் பிரித்து வினவும் சமயவாதச் சூழலில் இம்மாற்றம் நிகழ்ந்திருத்தல் கூடும். எவ்வாறாயினும், வடபுலத்துப் பாடம் அவ்வாறே பெயர்க்கப்படவில்லை என்பது உறுதி.

நீலகேசியில் மாற்றம் மேலும் மிகுகின்றது. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய இந்நூலுக்குச் சமய திவாகர வாமன முனிவர் உரை உண்டு, 1936இல் அ. சக்கரவர்த்தி இதனைப் பதிப்பித்தார். இதன் பத்துப் பகுதிகளுள் ஆசீவக வாதமும் ஒன்று. குக்குட நகரத்து ஆசீவகத் தலைவனோடு நீலகேசி வாதிடுகின்றாள். அத்தலைவன் பெயர் பூரணன். பாலி நூலாகிய சாமஞ்ஞபல சுத்தத்தில் பூரண காசியபர், மக்கலி கோசாலர், பகுத கச்சாயனர் ஆகிய மூவரும் வெவ்வேறு கொள்கையினர். தமிழிலோ பூரணன் மற்கலியின் அடியவனாகின்றான். பொருள்கள் அசையா நிலையின எனப் பகுதர் கூறியதனை ஒத்த ‘அவிசலித நித்தியத்துவம்’ ஆசீவகரின் கொள்கையாகவே பேசப்படுகின்றது. மூன்று ஓடைகள் தமிழகத்தில் ஓர் ஆறாயின. 1951இல் வெளிவந்த ஏ. எல். பாஷம் அவர்களின் ஆசீவக வரலாற்று நூல் இவ்விணைவை விரிவாக ஆராய்கின்றது.

மற்கலியும் இங்கு வெறும் ஆசிரியனல்லன். வானவில்போற் போக்கும் வரவும் அறியலாகாத இறைவனாகப் போற்றப்படுகின்றான். மனித ஆசிரியன் இறைவனாக உயர்தல் தமிழகத்திற் பக்தி நெறி ஓங்கிய காலச் சூழலோடு பொருந்துவது. சைவமும் வைணவமும் அண்மை வீட்டில் ஒலிக்க, இறைவனைப் பாடாத சமயமும் தன் ஆசிரியனை இறைவனாக்கிக்கொண்டது. எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். அசையாத பொருள், முயற்சி வேண்டாத நியதி, அறியலாகாத இறைவன் என்னும் இவை நீலகேசியின் வாதத்துக்கு மிக ஏற்ற இலக்குகள். யாம் மேற்கூறிய அளவுகோலின்படி, இப்பகுதியின் விளக்கங்களைச் சற்றே தள்ளிவைத்தே கொள்ளல் வேண்டும்.

வணிகர் மனையும் வரிப்பட்டியலும்

கொள்கை உரைக்கும் நூல்களினும் கதை உரைக்கும் நூல் ஓரிடத்தில் நடுநிலையாக நிற்கின்றது. சிலப்பதிகார நீர்ப்படைக் காதையில், மகளை இழந்த மாநாய்கன் ஆசீவகர் முன்னிலையில் அறம் மேற்கொள்கின்றான். கோவலன் தந்தை மாசாத்துவானோ பௌத்த விகாரத்தை அடைகின்றான். சம்பந்தி வணிகர் இருவர் இருவேறு சமயத்தை நாடுகின்றனர். புலவர் அதற்கு விளக்கம் கூறிற்றிலர். கேட்போர்க்கு அது வியப்பன்று போலும். ஆசீவகர் பெருவணிகர் மதித்து அடையும் துறவியராய் இருந்தனர் என்பதற்கு இதனினும் தெளிவான இலக்கியச் சான்று இல்லை.

பிற்காலத்து நிலை வேறு. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் பரபக்கத்தில் நிகண்டவாதியை அடுத்து ஆசீவகன் வைக்கப்படுகின்றான். அங்கு அவன் சமணத்தின் ஓர் உட்பிரிவினன் போலவே காட்சியளிக்கின்றான். அதே நூற்றாண்டில், வேலூரை அடுத்த பொய்கைக் கல்வெட்டுகளிலும் கோலார்ப் பகுதிக் கல்வெட்டுகளிலும் ‘ஆசுவக் கடமை’ முதலிய பெயரால் ஒரு வரி குறிக்கப்படுகின்றது. இச்சொல்லின் பொருள் பற்றி ஐயம் எழுப்பினோர் உளர். ஆசீவகர்மேல் விதித்த வரி என்பதே பாஷம் முதலியோர் கொண்ட பொருள். அப்பொருளே சரியாயின், ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. தத்துவ நூலார் ஆசீவகரைச் சமணரோடு சேர்த்து எண்ணத் தொடங்கிய காலத்திலும் வரிக்கணக்கர் அவரைப் பிரித்தே எண்ணியுள்ளனர். கொள்கை கரைந்த பின்னரும் குழு கரையவில்லை. சமய வரலாற்றைக் கொள்கை நூல்களால் மட்டும் எழுதுதல் கூடாது என்பதற்கு இஃதொரு பாடம்.

நாகரசம்பட்டிப் பக்கத்துக்குக் கோலார் நெடுந்தொலைவன்று. போசள மன்னன் இராமநாதன் ஒசூரை அடுத்த குந்தாணியிலிருந்து ஆண்ட காலத்தில், இன்று மாநில எல்லையாற் பிரிக்கப்பட்ட இந்நிலப்பகுதிகள் ஒரே ஆட்சியில் இருந்தன. ஆதலின், மாணவர் தம் ஊர்ப்பக்கத்தில் ஆசீவகத்தைத் தேடியது தவறன்று. தேடிய இடம் சரி. தேடிய முறையே பிழை.

இக்காலத் துணிபுகள்

ஆசீவகம் தமிழரின் தொல்சமயம், மற்கலியே ஐயனார், கணியன் பூங்குன்றனாரின் புறப்பாட்டு ஆசீவகப் பாட்டு என்னும் கருத்துகளை விரிவாக வளர்த்தவர் பேராசிரியர் க. நெடுஞ்செழியன். மறக்கப்பட்ட ஒரு சமயத்தின்பால் தமிழ் மாணவர் கவனத்தை ஈர்த்த பெருமை அவருக்கு உண்டு. அவர் எழுப்பிய வினாக்கள் விடைக்கு உரியன. அவர் கண்ட முடிவுகளுள் சிலவற்றை ஏற்க எம்மால் இயலவில்லை.

முதலாவது ஊழ் பற்றியது. ஊழைப் பேசும் பாட்டெல்லாம் ஆசீவகப் பாட்டாகா. ஊழ், வினையின் பயனாக வருவது என்பது சமணர்க்கும் பௌத்தர்க்கும் உடன்பாடு; சிலப்பதிகாரத்து ஊழ்வினை அதுவே. ஆசீவக நியதியோ வினையால் ஆவதன்று. திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்து, ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தது. முயற்சியை மறுக்கும் சமயத்தார் இவ்விரண்டாவதை எழுதார். பூங்குன்றனார் பாட்டின் நிலை இவற்றின் வேறானது. அங்கு வினை பேசப்படவில்லை; ஆற்றொழுக்கிற் செல்லும் தெப்பம்போல உயிர் முறைவழிச் செல்லும் என்பதே பேசப்படுகின்றது. நியதிக்கு மிக அணுகிய தமிழ்ப்பாட்டு அது என்பதை உடன்படுகின்றோம். ஆயினும் அப்பாட்டின் முடிவு, பெரியோரை வியவாமையும் சிறியோரை இகழாமையுமாகிய ஒழுக்கம். அதில் மற்கலி இல்லை, அணு இல்லை, நிறப்பிறப்பு இல்லை. அணுக்கம் என்பது வேறு, உடைமை என்பது வேறு.

இரண்டாவது குகைகள் பற்றியது. 1981இல் கண்டறியப்பட்ட சம்பைக் கல்வெட்டு, தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி ஒரு பாளியை ஈந்தமை கூறும். ஈந்தான் என்பதே உண்டு. இன்னார்க்கு என்பது இல்லை. பீகாரில் உள்ள பராபர் குகைகளில் அசோகனும், நாகார்ச்சுனிக் குகைகளில் அவன் வழிவந்த தசரதனும் ஆசீவகர்க்கு எனப் பெயர் சுட்டியே ஈந்தனர். பெயர் சுட்டும் வழக்கம் இருந்த காலத்தில், பெயர் சுட்டாத கல்லில் நாம் பெயர் எழுதலாகாது.

மூன்றாவது நாட்டுத் தெய்வம் பற்றியது. கிருட்டினகிரி, தருமபுரிப் பகுதிகளில் ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் வீழ்ந்த வீரர்க்கு எடுத்த நடுகற்கள் பல. அவை இன்று வேடியப்பன் என்னும் பெயரால் வழிபடப்படுகின்றன. அவற்றுள் எழுத்துடையன வீரன் பெயரும் போர்ச்செய்தியும் அரசன் ஆட்சியாண்டும் கூறுவன. துறவியைக் கூறுவன அல்ல. வில்லும் வாளும் ஏந்திய உருவத்தைத் துறவியின் உருவமாகக் கொள்ளுதல் கல்லுக்கும் முரண், சமயத்துக்கும் முரண். மேலும், மற்கலியே ஐயனார் எனின், ஆசீவகர் வரி வழங்கிய கோலாருக்கு அண்மையிலுள்ள இப்பகுதியில் ஐயனார் வழிபாடு மிக்கிருத்தல் வேண்டும். யாம் அறிந்த அளவில் இங்குப் பெருவழக்கு வேடியப்பனும் முனியப்பனுமே.

இப்பகுதியிற் சமணர் இருந்தமைக்கு நுளம்பர் காலத்துத் தருமபுரிக் கல்வெட்டுச் சான்று உண்டு. வடதமிழகத்து எல்லையில் சமணரும் ஆசீவகரும் அண்டை வாழ்ந்து, பின்னவர் முன்னவருட் கலந்தனர் எனக் கருதுதலே சான்றுகளுக்கு இசைந்தது. இதனை முடிந்த முடிபாக அன்றி, ஆய்வுக்குரிய கருதுகோளாகவே வைக்கின்றோம்.

முடிவுரை

பராபர் குகைக் கல்வெட்டுகள் சிலவற்றில் ஆசீவகர் என்னும் பெயர் உளியாற் சிதைக்கப்பட்டுள்ளது. பின்வந்த சமயத்தார் எவரோ செய்த செயல் அது. எவர்க்கோ எடுத்த கல்லில் அப்பெயரைப் புதிதாகப் பொறிப்பதும் அதனோடொத்த குற்றமே. ஈண்டு அழிவது போரில் வீழ்ந்த ஒரு வீரனின் பெயர்.

நாகரசம்பட்டி மாணவர் தம் தலைப்பை மாற்றிக்கொண்டார். போச்சம்பள்ளி வட்டத்து நடுகற்களை ஒவ்வொன்றாகக் கண்டு, எழுத்தும் உருவும் வழிபாடும் படியெடுத்தலே இன்று அவர் மேற்கொண்ட பணி. கருங்கல் வெட்டும் தொழிலும் தொழிற்பேட்டைகளும் சாலைகளும் பெருகிவரும் அம்மாவட்டத்தில் இடம்பெயரும் கற்கள் பல. காலம் தாழ்ப்பின் படியெடுக்கக் கல் இராது. அவற்றுள் ஒன்றிலேனும் ஆசீவகர் பெயர் தெளிவாகக் காணப்படுமாயின், இக்கட்டுரையின் பிற்பகுதியை யாமே மகிழ்வுடன் திருத்தி எழுதுவோம். அதுகாறும், தமிழகத்து ஆசீவகத்தைப் பற்றி ஒருதலையாகச் சொல்லத்தக்கன சிலவே: அது வணிகர் மனையில் மதிக்கப்பட்டது, வடபுலக் கொள்கைகள் பலவற்றை ஒன்றாக்கிக்கொண்டது, அணுவைத் தமிழிற் பேசிற்று. அச்சிலவே ஒரு சிறு சமயத்துக்குப் பெருஞ்சிறப்பு.