கட்டுமாவடியில் கேமரா எதைப் பார்க்க வேண்டும்?

புதுக்கோட்டை மாவட்டத்தின் சுமார் 40 கிலோமீட்டர் கடற்கரைக்கு வடக்கு எல்லை கட்டுமாவடி. அதைத் தாண்டினால் தஞ்சாவூர் மாவட்டம். பேராவூரணியிலிருந்து வரும் சாலை இங்கேதான் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொடுகிறது. மீன் மார்க்கெட்டுக்குப் பெயர்போன ஊர். நண்டும் இறாலும் கணவாயும் ஏலத்தில் போகும். உள்ளூர் வியாபாரிகளோடு வெளியூர்க்காரர்களும் வந்து வாங்கிப்போவார்கள். எதிரே பாக் நீரிணை, அதற்கு அப்பால் இலங்கை. கடல் அட்டை, கஞ்சா கடத்தல் பற்றிய செய்திகள் இந்தக் கரையோரத்திலிருந்து அடிக்கடி வருகின்றன. இப்படியொரு ஊருக்குக் கேமரா வேண்டும் என்று யாராவது கேட்டால் அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் இன்று விற்பனைக்கு வருவது வெறும் கேமரா அல்ல. படத்தைத் தானே பார்த்து, தானே முடிவெடுத்து, தானே எச்சரிக்கை அனுப்பும் மென்பொருள். அதைத்தான் எடைபோட வேண்டியிருக்கிறது.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் அலசல் வேலை கேமராவுக்குள்ளேயே நடந்துவிடும். மற்றதில் கேமரா படம் பிடிப்பதோடு சரி; எல்லாக் கேமராக்களின் படமும் ஒரு சர்வருக்குப் போய், அங்கே இருக்கும் மென்பொருள் மனிதனையும் வண்டியையும் நம்பர் பிளேட்டையும் முகத்தையும் பிரித்தறிகிறது. இரண்டாவது வகைக்கு ஆதரவு கூடுதலாக இருப்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு. ஏற்கெனவே மாட்டிய பழைய கேமராக்களைக் கழற்ற வேண்டாம். மென்பொருளைப் புதுப்பிக்க ஒவ்வொரு கம்பத்திலும் ஏற வேண்டாம். எல்லாவற்றையும்விட, பல கேமராக்களின் பதிவை ஒன்றாக வைத்துத் தேடலாம். நேற்று மாலை ஆறு மணிக்கு மேல் இந்த நான்கு சந்துகளில் போன நீல நிற மினி வேன் எது என்று கேட்டால், ஆட்கள் நாள் கணக்கில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதைச் சில நிமிடங்களில் அது எடுத்துக் கொடுத்துவிடும்.

இந்தத் தேடும் திறனை நான் மிகவும் மதிக்கிறேன். 2016 ஜூன் 24 அன்று நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் மென்பொறியாளர் சுவாதி வெட்டிக் கொல்லப்பட்டபோது அந்த நிலையத்தில் ஒரு கேமராகூட இல்லை. பக்கத்துத் தெருக் கட்டடங்களின் பதிவுகளிலிருந்துதான் சந்தேகத்துக்குரியவரின் உருவத்தைப் போலீசார் எடுத்தார்கள். நம் மாவட்டத்திலேயே வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பரில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரியவந்தது. வழக்கு சிபிசிஐடிக்குப் போய், ஊர்க்காரர்களிடம் டிஎன்ஏ சோதனைகள் நடந்து, 2025 ஜனவரியில்தான் குற்றப்பத்திரிகை வந்தது. அதையும் அந்த மக்கள் ஏற்கவில்லை. தொட்டியைப் பார்த்தபடி ஒரு பதிவு இருந்திருந்தால் ஓர் ஊரே சந்தேகத்தின் நிழலில் ஆண்டுக்கணக்கில் நின்றிருக்குமா? கேமராவே வேண்டாம் என்று பேசுவோர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மென்பொருள் உண்மையிலேயே நன்றாக வேலை செய்யும் இடமும் தமிழ்நாட்டில் இருக்கிறது. கோவை மதுக்கரைக் காட்டு வழியாகப் போகும் ரயில் பாதையில் யானைகள் அடிபட்டுச் சாவது நெடுநாள் துயரம். 2021 நவம்பர் 26 அன்று நவக்கரை அருகே ஒரே ரயில் மோதி மூன்று யானைகள் மடிந்தன. அதன்பின் வனத்துறை 7.24 கோடி ரூபாயில் 12 கோபுரங்களும் 24 கேமராக்களும் அமைத்தது. அவற்றில் வெப்பத்தை உணரும் கேமராக்களும் உண்டு. 2024 பிப்ரவரியில் திட்டம் தொடங்கியது. யானை தண்டவாளத்தை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வனத்துறைக்கும் ரயில்வேக்கும் தகவல் போகிறது, ரயிலின் வேகம் குறைகிறது. இது ஏன் பலிக்கிறது என்று பார்த்தால், மென்பொருளிடம் கேட்கப்படும் கேள்வி மிகச் சிறியது: யானையா, இல்லையா? எந்த யானை என்று யாரும் கேட்பதில்லை. எச்சரிக்கை வந்தால் செய்ய வேண்டிய காரியமும், அதைச் செய்ய வேண்டிய ஆளும் முன்பே தீர்மானமாகியிருக்கிறது. தவறான எச்சரிக்கை ஒன்று வந்தாலும் ரயில் கொஞ்ச நேரம் மெதுவாகப் போகும், அவ்வளவே. எந்த மனிதனும் அதனால் அவமானப்படுவதில்லை.

இதே மென்பொருளைக் கட்டுமாவடிக் கரைக்குக் கொண்டுவாருங்கள். இத்தகைய மென்பொருள்களில் பெரும்பாலும் சில விதிகள் இருக்கும். குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு ஆள் நடமாடினால் எச்சரிக்கை. ஒருவர் ஒரே இடத்தில் நெடுநேரம் நின்றால் எச்சரிக்கை. பெட்டியோ பையோ ஆளில்லாமல் கிடந்தால் எச்சரிக்கை. நகரத்து வங்கிக்கும் விமான நிலையத்துக்கும் பொருந்தும் விதிகள் இவை. மீன்பிடி ஊரில் நள்ளிரவிலும் விடியலுக்கு முன்பும் கரையில் ஆள் இருப்பதுதான் இயல்பு. படகு வரும்வரை மணிக்கணக்கில் காத்திருப்பது மீன் விற்கும் பெண்களின் அன்றாடம். ஐஸ் பெட்டியும் கூடையும் வலையும் ஆளில்லாமல் கிடக்கும். யாரும் தொட மாட்டார்கள். இங்கே அந்த விதிகளை அப்படியே போட்டால் உழைப்பின் ஒவ்வொரு அசைவும் சந்தேகமாகப் பதிவாகும். உண்மையான கடத்தல் படகு வரும் இரவில் அந்த எச்சரிக்கையும் நூற்றோடு நூற்றொன்றாகப் போய்விடும். எது வழக்கம், எது வழக்கத்துக்கு மாறானது என்பதைக் கரையில் இருப்பவர்கள்தான் சொல்ல முடியும். அவர்களைக் கேட்காமல் விதி எழுதினால் மென்பொருள் எவ்வளவு கூர்மையானதாக இருந்தாலும் பயனில்லை.

கடலோரமும் தன் பங்குக்குச் சோதிக்கும். உப்புக்காற்று கண்ணாடியில் படிந்து படத்தை மங்கவைக்கும், இணைப்பு முனைகளைத் துருவேற்றும். இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். லென்சுக்கு முன்னால் ஆடும் ஒரே ஒரு வலைநூலைத் தரம் குறைந்த மென்பொருள் அசையும் ஆளாக எண்ணிக்கொள்ளும். துடைக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். கேமரா வாங்க நன்கொடை கிடைப்பதுபோல் துடைக்க நன்கொடை கிடைப்பதில்லை.

சர்வர் எங்கே இருக்கும் என்பது அதைவிடப் பெரிய சிக்கல். ஒரு கேமரா விநாடிக்கு 4 மெகாபிட் அளவில் படம் அனுப்பினால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 43 ஜிபி. 16 கேமரா என்றால் ஒரு நாளைக்கு 690 ஜிபி, 30 நாளுக்கு 20 டெராபைட்டுக்கு மேல். சர்வர் மாவட்டத் தலைநகரில் இருந்தால் இவ்வளவும் ஃபைபர் வழியாக இரவும் பகலும் ஓட வேண்டும். கம்பி அறுந்தால் ஒரு கேமரா அல்ல, எல்லாக் கேமராவும் ஒரே நேரத்தில் குருடாகும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபின் இந்த வட்டாரத்துக் கிராமங்கள் நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் இருளில் கிடந்ததை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஊருக்கு அதிகம் உதவி தேவைப்படும் நாளில்தான் இது முதலில் படுத்துக்கொள்ளும். பதிவை உள்ளூரிலேயே ஒரு பெட்டியில் வைத்து, தேவையான துண்டுகளை மட்டும் மேலே அனுப்பும் கலப்பு முறை ஓரளவு உதவும். விலைப்பட்டியலில் அதைக் கேட்டு வாங்குவது நல்லது.

முகம் அறிதலுக்கு வருவோம். என் எதிர்ப்பு முழுவதும் இங்கேதான். 2017இல் வேல்ஸின் கார்டிஃப் நகரில் சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதிப் போட்டியின்போது போலீசார் இதைப் பயன்படுத்தினார்கள். மென்பொருள் "இவர்தான்" என்று காட்டியவை 2,470. அவற்றில் 2,297 தவறு. டெல்லிப் போலீசார் காணாமற்போன குழந்தைகளைத் தேட வாங்கிய மென்பொருளின் துல்லியம் 2 விழுக்காடுதான் என்று 2018இல் உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டு, அது 1 விழுக்காட்டுக்கும் கீழே என்றும் ஆண் பெண் குழந்தை வேறுபாட்டைக்கூட அதனால் அறிய முடியவில்லை என்றும் தெரியவந்தது. அதன்பின் மென்பொருள்கள் முன்னேறியிருப்பது உண்மை. ஆனாலும் கணக்கைப் பாருங்கள். நூற்றுக்கு ஒரு தவறுதான் என்று வைத்துக்கொண்டாலும், ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் 3,000 பேர் நடந்தால் 30 பேர் வீணாகக் குறிவைக்கப்படுவார்கள். தேடப்படுபவர் அன்று அங்கே வராமலே இருக்கலாம். வெயிலில் கறுத்த முகமும் தலையில் கட்டிய துண்டும் கூடைக்குக் கீழே பாதி மறைந்த கண்ணுமாக நடக்கும் கூட்டம் அது. ஜாய் புவோலாம்வினியும் டிம்னிட் கெப்ரூவும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் விற்பனை மென்பொருள்கள் கறுத்த நிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை தவறின. வெளிர் நிற ஆண்களிடம் தவறு 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. நம் கடற்கரைப் பெண்கள் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பது தெளிவு.

சேர்த்துவைத்த முகங்கள் பத்திரமாக இருக்குமா? 2024 மே மாதத்தில் தமிழ்நாடு காவல்துறையின் முகம் அறியும் தளமே ஊடுருவப்பட்டது. 2025இல் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் டெலிகிராமில் விலைக்குப் போயின. கடவுச்சொல்லைத் தவறவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை மாற்ற முடியாது.

பதிவு கசிவது ஓர் ஆபத்து என்றால், வேண்டும்போது இல்லாமற்போவது இன்னொன்று. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் காவலில் அடிபட்டு இறந்தபின் விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், காவல் நிலையக் கேமராவின் ஹார்டு டிஸ்கில் தேவையான இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை தந்தார். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்து, 18 மாதப் பதிவைக் காக்க உத்தரவிட்டது. சர்வரின் அமைப்புகளை மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்தான் உண்மையில் அந்தக் கண்ணின் சொந்தக்காரர். மென்பொருள் விற்பவர்கள் இதைப் பேசுவதேயில்லை.

சட்டம் காப்பாற்றும் என்றும் சாய்ந்துகொள்ள முடியவில்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. தெலங்கானாவில் எஸ்.கியூ. மசூத் என்ற சமூக ஆர்வலர் முகம் அறியும் முறையை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார். அப்படி ஒருவர் வழக்குப் போட்டால்தான் கேள்வியே எழும் என்ற நிலை எளிய மீனவருக்கு எந்த வகையில் உதவும்?

ஆகவே கட்டுமாவடிக்கு இந்த மென்பொருள் வரட்டும், ஆனால் மதுக்கரையைப்போல் வரட்டும். சாலைச் சந்திப்பில் மோதிவிட்டு நிற்காமல் போகும் வண்டியின் நம்பரைப் படிக்கட்டும். ஏலம் நடக்கும் இடத்தில் தீப்பிடித்தால் சொல்லட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்கு இறங்கினால் குறிக்கட்டும். இந்தக் கரைக்கு எதிரே 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டர் அளவில் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் இப்படியொரு கண் பயன்படும். முகம் அறியும் பகுதியை மட்டும் வாங்கவே வேண்டாம். அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். பிறகு ஒரு பொத்தானை அழுத்தித் திறந்துகொள்ளும் வழி இருக்கக் கூடாது.

வாங்குவதற்கு முன் கிராம சபையில் வைக்க வேண்டியவை சில உண்டு. பதிவு எத்தனை நாள் இருக்கும்? அழிக்கும் அதிகாரம் எந்தப் பதவியில் இருப்பவருக்கு? யார் எப்போது பதிவைப் பார்த்தார்கள் என்ற குறிப்பை ஊர்க்காரர் கேட்டால் காட்டுவார்களா? கண்ணாடி துடைப்பவரின் சம்பளம் எந்தக் கணக்கில் வரும்? எச்சரிக்கை விதிகளை எழுதும் நாளில் படகுக்காரர் ஒருவரும் மீன் விற்கும் பெண் ஒருவரும் அந்த மேசையில் உட்காருவார்களா? விலைப்பட்டியலோடு வருபவர் இவற்றுக்கு எழுத்தில் பதில் தரட்டும்.