தாசில்தாரின் துப்பாக்கி

லஸ் முனை நடைபாதையில் பழைய புத்தகம் பொறுக்குவது எனக்கு நெடுநாள் வியாதி. ஜிம் கார்பெட் 1944இல் வெளியிட்ட குமாவுன் ஆட்கொல்லிப் புலிகள் பற்றிய புத்தகம் அங்கேதான் அகப்பட்டது.

நம் கதைகளில் துப்பாக்கி என்றால் ஒரு 'டுமீல்', அவ்வளவுதான். அதற்குக் கனமில்லை, தோட்டா தீர்வதுமில்லை. ஆப்பிரிக்காவில் யானை வேட்டைக்கென்று செய்த இரட்டைக் குழல் ரைபிளோ பத்துப் பவுண்டுக்குக் குறையாது. அந்தக் காலத்துத் தோட்டா, வெடித்தபின் குழலுக்குள் உப்பை விட்டுவைக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் போடாவிட்டால் துருதான். (மயிலாப்பூர்க் கடற்காற்றில் ஜன்னல் கம்பி படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.) ஹெமிங்வே 1936இல் எழுதிய மகோம்பர் கதையில், முதல் குண்டு இடம் தவறிச் சிங்கத்தின் மேல் பட்டதிலிருந்துதான் கதையே பிறக்கிறது.

கார்பெட்டுக்கு இந்தச் சங்கடமெல்லாம் கைவந்த சரக்கு. 1907, சம்பாவத். கையில் அரை அங்குலக் குழல் ரைபிள். தோட்டா மூன்றே மூன்று. மூன்றும் தீர்ந்தன, அடிபட்ட பெண்புலி இன்னும் நிற்கிறது. தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு நெருங்குகிறார். உயர்த்திக் குறி பார்க்கும்போதுதான் தெரிகிறது, குழலுக்கும் அடிக்கட்டுக்கும் நடுவே நன்றாகத் தெரியும் இடைவெளி! தாசில்தார் ஆயுதத்தைப் பேணிய லட்சணம் அது. சுட்டால் புலி விழுமோ, தம் கண்தான் போகுமோ? என் கை புத்தகத்தை இறுகப் பற்றியது அங்கேதான்.

சுடுகிறார். குறி வைத்தது வாய்க்கு, பட்டது முன்னங்காலில். முன்பு பட்ட குண்டுகளே புலியைச் சாய்த்தன என்று கூசாமல் எழுதிவிடுகிறார். நம் கதாநாயகனாயிருந்தால் நெற்றிப் பொட்டில் அல்லவா சுட்டிருப்பான்!