இரவல் மெட்டும் பள்ளிக் கீதமும்

ஒரு பாடசாலைக்கு முத்திரையும் கொடியும் எவ்வளவு உரியனவோ அவ்வளவு உரியது அதன் கீதம். முத்திரையைப் பிறிதொரு பாடசாலை எடுத்தாளின் அதனைக் களவு என்பர். மெட்டை எடுத்தாளின் அவ்வாறு கூறுவார் அரியர். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகக் கீதம் 1870ஆம் ஆண்டளவில் எழுந்தது. அதன் மெட்டோ, நோயுற்று இறந்த நங்கையொருத்தியைக் குறித்து எச். எஸ். தாம்சன் 1857இல் வெளியிட்ட இரங்கற் பாட்டினது. பின்னர் அந்நாட்டின் கல்லூரிகளும் பள்ளிகளும் பல அம்மெட்டிலேயே தத்தம் வாழ்த்தை அமைத்துக்கொண்டன. பின்லாந்தும் எஸ்தோனியாவும் 1848இல் பாசியுஸ் அமைத்த ஒரே இசையில் தத்தம் நாட்டு வாழ்த்தைப் பாடுகின்றன. ஆகவே மெட்டை இரவல் பெறுதல் இழுக்கன்று. இழுக்கு எவ்விடத்தில் நேர்கின்றது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

மலையகத் தோட்டப் பாடசாலைகளின் வரலாற்றை அறிந்தார்க்கு இவ்வழக்கின் காரணம் எளிதிற் புலனாகும். ஹற்றன், நுவரெலியா நகரங்களைச் சூழ்ந்த தோட்டங்களிற் பல நெடுங்காலம் ஓராசிரியர் பாடசாலைகளையே பெற்றிருந்தன. ஒரே மண்டபம், அதனுள் எல்லா வகுப்புகளும், கற்பிப்பாரும் ஒருவரே. 1970களிலும் அதன் பின்னருமே அவை படிப்படியாக அரசாங்கப் பொறுப்பில் வந்தன. சங்கீத ஆசிரியரும் ஆர்மோனியமும் இல்லாத இடத்தில், கீதம் எழுதப் புகுந்த ஆசிரியர் யாவரும் அறிந்த மெட்டொன்றை நாடியது இயல்பே. கோயிற் பஜனையிலும் மாசி மாதத்துக் காமன் கூத்திலும் கேட்ட இசை லயத்துப் பிள்ளைகளின் செவியில் முன்னரே குடிகொண்டிருந்தது. அதனிடத்துச் சொல்லை ஏற்றுதலே எளிது.

இம்முறைக்கு நம் இலக்கியத்திற் சான்றுகள் மிகுதி. திருஞானசம்பந்தர் திருவாலவாயைப் பாடிய 'மங்கையர்க்கரசி' எனத் தொடங்கும் பதிகமும், நம் நாட்டுத் திருக்கோணமலையைப் பாடிய பதிகமும் புறநீர்மை என்னும் ஒரே பண்ணில் அமைந்தவை. எனினும் ஒன்றைக் கேட்போர் மற்றொன்றென மயங்கார். முன்னதில் பாண்டிமாதேவியும் அமைச்சர் குலச்சிறையாரும் நிற்கின்றனர்; பின்னதில் சந்தனமும் அகிலும் மணியும் வாரிவரும் கடல் ஓயாது முழங்குகின்றது. பண் பொது; ஊர் பொதுவன்று. பள்ளிக் கீதம் எழுதுவார்க்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை.

பாரதியார் இன்னும் ஒரு படி மேற்சென்றார். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தில், தில்லை செல்ல விழைந்த நந்தனை வேதியர் இகழும் பாட்டொன்று உண்டு. அதே மெட்டில், சுயராஜ்யம் வேண்டிய இந்தியனை ஆங்கிலேய அதிகாரி இகழ்வதாகப் பாரதியார் பாடினார். பழைய மெட்டைக் கேட்டவுடன் பழைய கொடுமையும் நினைவில் எழுகின்றது. நந்தன் இறுதியில் தில்லையை அடைந்ததும் நினைவில் எழுகின்றது. பாட்டிற் சொல்லாத நம்பிக்கையை மெட்டே சொல்லிவிடுகின்றது.

மலையகத்திலும் இவ்வழி தெரிந்தோர் இருந்தனர். 1931இல் ஹற்றனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சங்கம் கண்ட கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், 1940இல் இலங்கைவாழ் இந்தியரின் நிலையைப் பாட்டுகளாக்கி நூல் வெளியிட்டார். மக்கள் அறிந்த மெட்டில் அவர்தம் துயரையே சொல்லாக வைத்தமையால், எழுத்தறியாதாரும் அப்பாட்டைத் தம்முடையதாகக் கொள்ள வழி பிறந்தது.

இவற்றோடு ஒப்பிட, நம் பள்ளிக் கீதங்கள் பலவற்றின் குறை தெளிவாகும். கலைமகள் கோயில், அறிவுச் சுடர், ஒழுக்கத்தின் உறைவிடம் என்னும் தொடர்கள் அவற்றில் மாறாது வருகின்றன. பள்ளியின் பெயரை எடுத்துவிட்டு வேறொரு பள்ளியின் பெயரை வைத்துப் பார்க்க. பாட்டில் ஓரசையும் இடறவில்லையாயின், அஃது எப்பள்ளிக்கும் உரியதன்று. இரண்டாவது குறை ஓசை பற்றியது. மெட்டு நீளும் இடத்திற் குற்றெழுத்து நிற்பின் பிள்ளைகள் அதனை நீட்டியே பாடுவர். 'கலை' 'காலை'யாகும், 'மலை' 'மாலை'யாகும். பொருள் அறியாது பாடும் பழக்கம் இவ்வாறே தொடங்குகின்றது. மூன்றாவது, மெட்டின் நினைவைக் கருதாமை. திரைப்படக் காதற் பாட்டின் மெட்டிற் கல்விக் கடவுளை வாழ்த்தினால், பிள்ளைகளின் வாய் ஒன்றைப் பாட, நெஞ்சு மற்றொன்றைப் பாடும்.

அவ்வாறாயின் மலையகப் பள்ளியின் கீதம் எதனைப் பாடுவது? விடியலில் ஒலித்த பிரட்டுத் தப்பையும், பனியில் நனைந்து கொழுந்தெடுக்கும் கையையும், சிவனொளிபாத மலையையும் பாடலாம். இதனை மறுப்போர் உளர். லயத்தைவிட்டு வெளியேறவே பிள்ளை பள்ளிக்கு வருகின்றது. அங்கும் கொழுந்துக் கூடையை நினைவூட்டுதல் தகுமோ என்பர். அவர் கருத்தை எளிதிற் புறந்தள்ளல் ஆகாது. தலைமுறை தலைமுறையாய்ப் பட்ட இழிவினின்று பிறந்தது அது. ஆயினும் தாயின் உழைப்பை மறைக்கும் கீதம் அவ்விழிவை நீக்குவதில்லை, அதனை ஒப்புக்கொள்கின்றது. உழைப்பைப் பெருமையோடு பாடும் கீதமே அதனை நீக்கவல்லது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' தோட்டத்து மக்களின் பாட்டுச் செல்வத்தை ஏட்டில் ஏற்றிவைத்தது. தாலாட்டு, கும்மி, தெம்மாங்கு என வழங்கும் அம்மெட்டுகளிருக்க, தொலைவிற் சென்று இரவல் கேட்பானேன்?

மெட்டைப் பகிர்தல் உறவுக்கும் வழியாகும். ஆனந்த சமரக்கோன் 1940இல் சிங்களத்தில் இயற்றி, 1951இல் நாட்டின் கீதமாக ஏற்கப்பட்ட பாடலை, புலவர் மு. நல்லதம்பி அதே மெட்டிற் பாடுமாறு தமிழாக்கினார். 2016ஆம் ஆண்டு சுதந்திர தின விழாவில் அத்தமிழ்க் கீதம் ஒலித்தபோது தமிழ் நெஞ்சங்கள் மகிழ்ந்தமைக்குக் காரணம் மெட்டன்று. அது முன்னரே பொது. தம் சொல்லும் அவையேறியதே காரணம். தோட்டத்துப் பிள்ளைக்கும் வேண்டுவது அதுவே. ஆகவே கீதம் புதிதாக எழுதுவோரும் பழையதைத் திருத்துவோரும் மெட்டைத் தேடுமுன் தம் பள்ளி வாயிலில் நின்று, எதிரே தோன்றும் மலை யாது, வரும் பிள்ளை எவ்வழியாக வருகின்றது என ஒருகால் நோக்குவாராக. அவ்விரண்டும் பாட்டில் அமையுமாயின், மெட்டு எவருடையதாயினும் கீதம் அப்பள்ளியினதே.