உயரத்திலிருந்து தெரியாதது

போர் இலக்கியம் என்றதும் நாம் கருணையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறோம். தூரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. கனரகக் குண்டுவீச்சு விமானம் இலக்கியத்தின் முன் வைத்த பிரச்னை தூரம்தான் என்று எனக்குப் படுகிறது. அதில் கொல்கிறவன் சாகிறவனைப் பார்ப்பதே இல்லை.

அதன் சரித்திரமே இதைத்தான் சொல்கிறது. நகரங்களை ஆகாயத்திலிருந்து நொறுக்கினால் ஜனங்களின் மன உறுதி குலைந்து யுத்தம் சீக்கிரம் முடியும் என்று 1921இல் இத்தாலிய ராணுவ அதிகாரி டூஹே எழுதினார். 1941 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானங்கள் எடுத்த புகைப்படங்களைப் பரிசீலித்த பட் அறிக்கை வேறொன்றைக் கண்டது. இலக்கைத் தாக்கியதாகச் சொல்லிக்கொண்ட விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கிலிருந்து 5 மைலுக்குள் போயிருந்தது. ரூர் பிரதேசத்தில் பத்தில் ஒன்று. இரவில், அந்த உயரத்தில், குறியைத் திருத்துவது உடனே சாத்தியமில்லை. ஆகவே குறியைப் பெரிதாக்கினார்கள். 1942 பிப்ரவரி 14 உத்தரவு, நகரத்துத் தொழிலாளர்களின் மன உறுதியையே இலக்காக அறிவித்தது. அடுத்த மாதம் சர்ச்சிலின் விஞ்ஞான ஆலோசகர் செர்வெல், எத்தனை ஜெர்மானியர்களை வீடற்றவர்களாக்கலாம் என்று கணக்கிட்டுக் கொடுத்தார். அதற்கு 'வீடுநீக்கக் குறிப்பு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்தச் சொல்லில் வீடு இருக்கிறது. உள்ளே இருந்தவர்கள் இல்லை.

மேலே இருந்தவர்களும் பத்திரமாக இல்லை. ஒரு லங்காஸ்டரில் ஏழு பேர். பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் செத்தார்கள். இவர்களின் அமெரிக்கச் சகாக்களைப் பற்றியது, 1945இல் வந்த ராண்டல் ஜாரலின் ஐந்து வரிக் கவிதை. விமானத்தின் அடிவயிற்றில் தொங்கும் கண்ணாடி போன்ற கோளத்துக்குள், இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளோடு சுருண்டு கிடக்கும் ஒருவனின் பிறப்பும் இறப்பும் அதில் ஒன்றாகிவிடுகின்றன. ஜாரல் போரில் பறந்தவரல்ல. அரிஜோனாவில் நட்சத்திரங்களைக் கொண்டு திசையறியப் பயிற்சி தந்தவர். சொந்த அனுபவம் இல்லாமல் எழுதலாமா என்ற நம் பழைய சர்ச்சைக்கு இது போதுமான பதில். ஆனாலும் இக்கவிதை கீழே பார்ப்பதில்லை. 'இழப்புகள்' என்ற அவருடைய இன்னொரு கவிதை பார்க்கிறது. பள்ளியில் பெயராக மட்டுமே படித்த நகரங்களைப் பையன்கள் எரிக்கிறார்கள். புகழ் முந்தையதற்கு, நான் பெரிதாக மதிப்பது இதை.

கீழேயிருந்து எழுதியவர்கள் குறைவு. போருக்குப் பிந்திய ஜெர்மன் இலக்கியம் இந்த அழிவைப் பற்றி ஏறக்குறைய வாய் திறக்கவில்லை என்று ஸீபால்ட் 1997இல் ஜூரிச் சொற்பொழிவுகளில் குற்றம் சாட்டினார். அவர் ஒப்புக்கொண்ட விதிவிலக்குகளில் ஒருவர் நோஸாக். 1943 ஜூலையில் ஹாம்பர்க் எரிவதை நகருக்கு வெளியே புல்வெளியிலிருந்து பார்த்தவர், பிறகு அதற்குள் நடந்து போனார். அதே நவம்பரில் எழுதினார். புலம்பல் இல்லை, பார்த்தது இருக்கிறது.

வானகட்டின் விஷயம் சிக்கலானது. 1945 பிப்ரவரியில் டிரஸ்டனில் போர்க் கைதியாக, கசாப்புக்கூடத்து நிலவறையில் ஒளிந்து உயிர் தப்பியவர். 1969இல் வந்த அவருடைய நாவல் 1,35,000 பேர் இறந்ததாகச் சொல்கிறது. அது டேவிட் இர்விங்கின் புத்தகத்திலிருந்து வந்த எண். சரித்திர ஆசிரியர்களின் குழு 2010இல் முடிவு செய்தது, அதிகபட்சம் 25,000. இதனால் நாவல் விழுந்துவிடவில்லை. போர்ப்படம் பின்னோக்கி ஓடி, விமானங்கள் நெருப்பை உறிஞ்சிக் குண்டுகளுக்குள் திரும்ப அடைக்கும் பகுதியை எந்தப் புள்ளிவிவரமும் தொட முடியாது. ஆனால் எண் வருகிற இடத்தில் நாவல் பலவீனமாகிறது. அங்கே வானகட் நிலவறையை விட்டு விமானத்தின் உயரத்துக்கு ஏறிவிடுகிறார்.

எண்ணைச் சரியாகச் சொல்வது சரித்திரக்காரனின் கடமை. பொய்யெண் செத்தவர்களுக்குச் செய்யும் மரியாதை அல்ல. எழுத்தாளன் வேலை வேறு. 'மனிதகுலம்', 'நாகரிகம்' என்று முழங்கும் போர் எதிர்ப்புக் கவிதைகளை இன்னும் பிரசுரித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அவற்றின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவை எழுதப்பட்டிருப்பது பதினெட்டாயிரம் அடி உயரத்திலிருந்து. அங்கிருந்து பார்த்தால் நகரம் தெரியும். தெரு தெரியாது.