நிர்வாணம்: ஒரு சொல்லும் ஒரு தாயின் இரண்டு புத்தகங்களும்

நண்பர் ஒருவர் க்ளாரா க்ளெய்பார்ன் பார்க்கின் 'எக்ஸிட்டிங் நிர்வாணா' (2001) நூலைத் தமிழில் கொண்டுவரும் யோசனையில் இருக்கிறார். தலைப்பிலேயே சிக்கிக்கொண்டுவிட்டார். 'நிர்வாணத்திலிருந்து வெளியே' என்று போட்டால் துணி உடுத்துவதைப் பற்றிய புத்தகம் என்றல்லவா நினைப்பார்கள் என்கிறார். நினைக்கட்டும். அதுதான் சரி என்பது என் கட்சி.

பார்க், அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸில் ஆங்கிலம் கற்பித்தவர். கணவர் இயற்பியல்காரர். நான்காவது குழந்தை ஜெஸ்ஸி 1958இல் பிறந்தாள். ஆட்டிசம் உள்ளவள். (மதியிறுக்கம் என்று ஒரு சொல் புழங்குகிறது. இறுகியிருப்பது யாருடைய மதி என்பதே கேள்வியாதலால் அந்தச் சொல்லை விட்டுவிடுகிறேன்.) மகளின் முதல் எட்டு வருஷங்களைப் பற்றி 1967இல் பார்க் எழுதிய புத்தகம் 'தி ஸீஜ்', அதாவது முற்றுகை. அதே 1967இல்தான் புரூனோ பெட்டல்ஹைமின் 'தி எம்ப்டி ஃபோர்ட்ரஸ்' வெளிவந்தது. குழந்தை ஒரு வெற்றுக்கோட்டை. அதற்குள் அதை விரட்டியது பெற்றோரின் உள்மன நிராகரிப்பு என்பது பெட்டல்ஹைமின் வாதம். இன்று அந்த வாதத்தை யாரும் ஏற்பதில்லை. அன்று அது தாய்மார்களின் தலையில் விழுந்த இடி. அதன் எதிரில் பார்க்கின் உருவகத்தை வைத்துப் பார்க்க வேண்டும். கோட்டை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறார். ஆனால் தாய் அதைக் கட்டியவள் அல்ல. வெளியே பாளையமிறங்கிக் காத்திருப்பவள்.

உருவகம் என்ற அளவில் இது பெரிய வெற்றி. ஆனால் எட்டு வயதோடு தீர்ந்துபோகிற வெற்றி. கோட்டைக்குப் பதின்மூன்று வயது ஆவதில்லை. பெண்ணுக்கு ஆகிறது.

இரண்டு புத்தகங்களின் அமைப்பைப் பாருங்கள். முதல் புத்தகம் எட்டு வயதில் நின்றுவிடுகிறது. 1982 பதிப்புக்கு ஒரு பின்னுரை சேர்ந்தபோது மகளுக்கு இருபதைத் தாண்டிவிட்டது. இரண்டாம் புத்தகம் வரும்போது நாற்பதும் கடந்துவிட்டது. இடைப்பட்ட பருவத்துக்கென்று தனிப் புத்தகம் இல்லை. திரும்பிப் பார்த்துச் சொல்வதுதான் இருக்கிறது. இதற்குப் பார்க்கைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வருஷங்களில் எந்தத் தாய்க்கு எழுத நேரம் இருக்கும்? ஆனால் அந்தக் காலத்தைப் பற்றி அன்றே எழுதப்பட்ட ஆவணம் ஒன்று உண்டு. தகப்பனார் டேவிட் பார்க் இன்னொருவருடன் சேர்ந்து 1974இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. வெயில், மேகம், எண்கள் இவற்றை வைத்து மகள் தனக்கென்று கட்டிக்கொண்ட ஓர் ஒழுங்கை அது விவரிக்கிறது. அபூர்வமான கட்டுரைதான். வளரும் பெண்ணின் உடம்பு அதன் விஷயம் அல்ல.

இங்கேதான் நம் சொல் வேலை செய்கிறது. பார்க் நிர்வாணா என்று சொல்வது, ஆசையற்று, யாரும் தேவைப்படாமல், தன்னிலேயே நிறைந்திருந்த குழந்தையின் நிலையை. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு உடம்பு கிடையாது. தமிழில் உண்டு. நமக்கு நிர்வாணம் என்றால் முதலில் அம்மணம், பிறகுதான் புத்தர். ஆட்டிசம் உள்ள பெண் பருவமடையும்போது வீட்டில் நடப்பது இந்த இரண்டு அர்த்தங்களிலிருந்தும் ஒருசேர வெளியேறுவது. குளியலறைக் கதவைத் தாழிட வேண்டும். கூடத்தில் உடை மாற்றக்கூடாது. யார் தொடலாம், எங்கே தொடக்கூடாது. மற்றப் பெண்கள் பார்த்தும் கேட்டும் வெட்கப்பட்டும் கற்றுக்கொள்வதை இவளுக்கு ஒவ்வொன்றாக, காரணத்தோடு, சொல்லித் தரவேண்டியிருக்கிறது. முதல் ரத்தத்தைக் கண்டு காயம் என்று அலறாதிருக்க முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். துணியோ பஞ்சோ வைத்துப் பழக்கியிருக்க வேண்டும்.

எந்தச் சொல்லால் சொல்வது? 'பெரியவளாயிட்டே' என்றால், நேற்று இருந்த உயரம்தானே இன்றும் என்பாள். 'தூரம்' என்றால் எவ்வளவு தூரம், எதிலிருந்து என்று கேட்பாள். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிற ஒரு மனத்தின் முன்னால் நம் இடக்கரடக்கல் முழுவதும் பல்லிளிக்கிறது. மொழியிலிருந்து அலங்காரத்தை உரித்துவிட்டோம் என்று நம் புதுக்கவிஞர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். இந்தப் பெண்ணிடம் ஒரு வாக்கியம் சொல்லிப் பார்க்கட்டும், எவ்வளவு உரிந்தது என்று தெரிந்துவிடும்.

பார்க்கிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பதின்ம வயதில் ஜெஸ்ஸிக்கு கோல்ஃப் ஆட்டக்காரர்கள் கையில் கட்டிக்கொள்ளும் எண்ணும் கருவி ஒன்று கிடைத்தது. நல்ல நடத்தைக்குப் புள்ளி ஏறும், கூச்சலுக்கு இறங்கும். எண்களில் மோகம் கொண்ட பெண், கருவி பலித்தது. அந்தப் பகுதியைப் படிக்கும்போது தாயின் சந்தோஷம் நம்மையும் பற்றிக்கொள்கிறது. ஆனால் புள்ளிக்காக இணங்கக் கற்ற பெண், இணங்கக்கூடாத இடத்தில் என்ன செய்வாள்? தெருவில், பஸ்ஸில், உறவுக்காரர் வீட்டில்? மாட்டேன் என்று சொல்வதற்கும் ஒரு புள்ளி வேண்டாமா? வணக்கம் சொல்வதைவிட அது முந்தைய பாடம் என்று எனக்குப் படுகிறது. ஆட்டிசம் உள்ளவர்கள் தாங்களே பேசத் தொடங்கிய பிறகு, முக்கியமாக 1993இல் ஜிம் சின்க்ளேர் பெற்றோர்களை நோக்கி 'எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள்' என்ற பொருளில் எழுதியதற்குப் பிறகு, எந்தத் தாயின் புத்தகத்தையும் இந்தக் கேள்வி இல்லாமல் படிக்க முடிவதில்லை.

இதைப் பார்க்கும் ஓரளவு உணர்ந்திருந்தார் என்பதற்கு அடையாளம் ஒரு பெயர். முதல் புத்தகத்தில் மகளுக்கு எல்லி என்று புனைபெயர். இரண்டாவதில் ஜெஸ்ஸி என்ற சொந்தப் பெயரே வந்துவிடுகிறது. அதற்குள் அவள் கல்லூரித் தபால் அறையில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவள், ஓவியக்காரி. கட்டிடங்களை நூல் பிடித்தாற்போல வரைந்து, இயற்கையில் காணாத வண்ணங்களைப் பூசுகிறாள். மேலே நட்சத்திரங்கள் தத்தம் இடத்தில் பிசகாமல் இருக்கின்றன. முற்றுகையிட்டவளின் புத்தகத்தைவிட இந்தப் படங்கள் எனக்கு நம்பகமான சாட்சி. கோட்டை ஒருபோதும் வெறுமையாக இருந்ததில்லை.

பார்க் 2010இல் காலமானார். நண்பருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். தலைப்பை மாற்றாதீர்கள். அடிக்குறிப்பும் போடாதீர்கள். உடம்பைப் பற்றிய வாக்கியங்கள் வரும் இடங்களில் சமஸ்கிருதத்துக்குப் பின்னால் ஒளியாமல் வீட்டுத் தமிழில் எழுதுங்கள். மகளோடு உட்கார்ந்து படிக்கிற ஏதோ ஒரு தாய்க்கு அந்த வாக்கியங்கள் அப்படியே வாயில் வரவேண்டும்.