பன்னிரண்டு மாதக் கடல்

1950களின் நடுவில், ஸ்காட்லாந்தின் மில்போர்ட் கடற்கரையில் ஓர் அமெரிக்க மாணவர் கல்லின்மேல் கண்ணாடித் தகட்டைப் பிடித்துக்கொண்டு, அடியில் ஒட்டியிருந்த கொட்டலசுகளை ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்துக் குறித்துக்கொண்டிருந்தார். பெயர் ஜோசப் கானெல். அதற்குமுன் பெர்க்லி குன்றுகளில் முயல் பிடித்து ஆய்வு செய்து அலுத்துப்போனவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு வந்தபோது, ஓடவே ஓடாத ஒரு பிராணியாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

அவருடைய கேள்வி எளிது. மேட்டுப் பாறையில் வாழும் கத்தாமலஸ் என்ற சிறிய கொட்டலசு ஏன் கீழே இறங்கி வாழ்வதில்லை? கத்தாமலஸ் ஒட்டிய கற்களைக் கீழே கொண்டுபோய் வைத்தார். பலானஸ் என்ற பெரிய இனத்தின் இளசுகள் அவற்றில் வந்து ஒட்டும்வரை காத்திருந்தார். ஒரு பாதியில் பலானஸைச் சுரண்டி எடுத்தார். மறுபாதியை அப்படியே விட்டார். விட்ட பாதியில் பலானஸ் சிறியதன்மேல் ஏறி மூடியது, அடியில் புகுந்து பெயர்த்தது, பக்கவாட்டில் நெரித்தது. 1961இல் வந்த அந்தக் கட்டுரை இன்றும் சூழலியல் வகுப்பில் முதலில் சொல்லப்படும் கதைகளில் ஒன்று. அந்நியக் கடலில் வெளிநாட்டு மாணவர் ஒருவர் என்ன சாதிக்கலாம் என்பதற்கு இது நல்ல சாட்சி. ஆனால் கானெலுக்குக் காத்திருக்க ஆண்டுகள் இருந்தன.

இன்று கடல் உயிரியல் படிக்க பிரிட்டன் போகும் நம் பிள்ளைகளில் பலர் எடுப்பது ஓராண்டு எம்.எஸ்சி. 180 கிரெடிட், 12 மாதம். செப்டம்பரில் வகுப்பு தொடங்கும். இரண்டு பருவம் பாடம், தேர்வு. கோடையில் மூன்று மாதம் ஆய்வேடு. பலானஸ் இளசுகள் பாறைக்கு வந்து ஒட்டுவது ஏப்ரல், மே மாதங்களில். அப்போது மாணவர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார். ஜூனில் பாறைக்கு வரும்போது குடியேற்றம் முடிந்து, நெரிசல் சண்டையும் தொடங்கியிருக்கும். ஒரு பருவத்தின் நடுப்பகுதியை மட்டும் பார்த்துவிட்டு அறிக்கை எழுதுகிறார். கானெலின் புகழ்பெற்ற சோதனையை இந்த அட்டவணைக்குள் திரும்பச் செய்ய வழியில்லை. படிப்பின் ஆகப் பெரிய குறை இதுதான் என்பேன். கட்டணத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அதற்காக அங்கே கற்றுத்தருவதைக் குறைத்துச் சொல்ல முடியாது. பிளிமத் பக்கம் வெம்பரி விரிகுடாவை எடுத்துக்கொள்வோம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெருவற்றத்தில் கடல் ஐந்து மீட்டர் அளவுக்கு இறங்கிப் பாறைகளைத் திறந்து காட்டும். அரை மீட்டர்ச் சதுரச் சட்டத்தைப் போட்டு, குளிரில் விறைத்த விரலால் நத்தையையும் பாசியையும் எண்ண வேண்டும். வந்த புதிதில் இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றும். ஆனால் குளிர்க்கடல் பாறையில் முக்கியமான இனங்கள் கொஞ்சம்தான். ஒரு பருவத்துக்குள் அத்தனையையும் அடையாளம் காணப் பழகிவிடலாம். எது எதைத் தின்கிறது, எதை எடுத்துவிட்டால் எது பெருகும் என்று சோதித்துப் பார்க்க அது போதும். நூற்றுக்கணக்கில் இனங்கள் மொய்க்கும் பவளப் பாரில் தொடக்க மாணவரை இறக்கிவிட்டால் பெயர் கண்டுபிடிப்பதிலேயே ஆண்டு ஓடிவிடும். சோதனையை எப்படி வடிவமைப்பது என்று கற்க, ஏழ்மையான கடலே நல்ல பள்ளிக்கூடம்.

இன்னொன்று, நீண்ட கணக்கு. அலிஸ்டர் ஹார்டி வடிவமைத்த மிதவையுயிர்ப் பதிவுக் கருவியை 1931 முதல் சாதாரணச் சரக்குக் கப்பல்கள் பின்னால் கட்டி இழுத்துப் போகின்றன. உள்ளே சுருளும் பட்டுத் துணியில் மிதவையுயிர்கள் சிக்கும். பிளிமத்தில் அந்தத் துணியை விரித்து நுண்ணோக்கியில் எண்ணுகிறார்கள். தாத்தா காலத்துக் கடலையும் இன்றைய கடலையும் ஒரே அளவுகோலில் ஒப்பிட முடிவது எவ்வளவு பெரிய வசதி! ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் இத்தகைய தரவைப் பிரித்து மேயக் கற்பதும், பேராசிரியரின் கருத்தை மறுத்து எழுதினாலும் வாதம் சரியாக இருந்தால் மதிப்பெண் கிடைக்கும் என்ற துணிவும், நம் வகுப்பறைகளில் லேசில் வாய்க்காதவை.

சிக்கல் திரும்பி வரும்போது தெரியும். மன்னார் வளைகுடாவில் ஓத ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டருக்கும் குறைவு. வெம்பரியில் கற்ற, பாறையில் சட்டம் போட்டு எண்ணும் முறையை இங்கே விரிக்க இடமில்லை. இங்கே வேலை தண்ணீருக்கு அடியில், பாரில், கடற்புல் வெளியில். சோழகம், கொண்டல், வாடை என்று காற்றுக்கேற்பத் திட்டம் போட வேண்டும். புள்ளியியல் கூடவே வரும், கடல் வராது. இனங்காணும் திறனிலும் ஓராண்டு எம்.எஸ்சி பலவீனமானது. வெள்ளாற்று முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தில் படித்தவர் மீன் ஏலக்கூடத்தில் நின்று மளமளவென்று பெயர் சொல்லும்போது, வெளிநாட்டுப் பட்டதாரி பக்கத்தில் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருக்கும் காட்சி நடக்கக்கூடியதுதான்.

சரி, ஊர்க் கடலையே ஆய்வேட்டுக்கு எடுத்தால் என்ன? பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்காக மாதிரி எடுக்க 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். சட்டம் நியாயமானது, அள்ளிக்கொண்டு போனவர்களின் வரலாறு நமக்குத் தெரியும். ஆனால் மூன்று மாத ஆய்வேட்டுக்காரர் அனுமதிக்குக் காத்திருக்க முடியாது. கடைசியில் யாரோ எப்போதோ சேர்த்த தரவை மடிக்கணினியில் அலசி, கால் நனையாமலே கடல் உயிரியல் பட்டம் வாங்குகிறவர்கள் உண்டு.

பணத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கட்டணம் 25,000 பவுண்டைத் தாண்டுவது சாதாரணம்; நம் கணக்கில் 25 லட்சத்துக்கு மேல். படிப்புப் பருவக் காலத்தில் மாணவர் வாரம் 20 மணி நேரத்துக்குமேல் வேலை செய்யக்கூடாது. ஆய்வேட்டுக் கோடையும் பருவக் காலமாகவே எண்ணப்படும். பிளிமத்தில் பெருவற்றம் நண்பகலை ஒட்டி வரும். உணவகத்தில் மதிய ஷிஃப்ட்டும் அப்போதுதான். கடன் வாங்கி வந்தவர் எதை விடுவார்? அங்கேயே வேலை தேடினால், 2024 ஏப்ரலில் திறன்மிகு பணியாளர் விசாவுக்கான பொது ஊதிய வரம்பு 26,200 பவுண்டிலிருந்து 38,700 ஆக ஏறியது. படிப்பு முடித்தவுடன் சேர்பவர்களுக்குச் சற்றுத் தாழ்ந்த வரம்பு உண்டு. ஆனால் காற்றாலைத் திட்டங்களுக்குக் கடலடி ஆய்வு செய்யும் சிறு நிறுவனங்களின் தொடக்கச் சம்பளம் அதையும் எட்டிப்பிடிக்கத் திணறும். ஊருக்குத் திரும்புகிறவருக்கு ஒரு நிம்மதி: ஓராண்டு பிரிட்டிஷ் முதுகலையை இந்தியாவில் ஏற்கும் ஒப்பந்தம் 2022 ஜூலையில் கையெழுத்தானது. அதற்குமுன் அந்தப் பட்டத்தோடு அரசுக் கதவைத் தட்டியவர்கள் பட்ட பாடு தனிக்கதை.

வெளிநாட்டுப் படிப்பு எல்லாமே இந்த வார்ப்பில் இல்லை. ஜெர்மனியின் பிரெமென் பல்கலைக்கழகம் வெப்பமண்டல நீர்ச் சூழலியலுக்கென்றே ஓர் ஈராண்டு முதுகலை நடத்துகிறது. வெப்பமண்டல நாட்டு மாணவர்களும் ஐரோப்பியர்களும் சேர்ந்து படிக்கிறார்கள். ஆய்வுக் களப்பணி வெப்பக்கடற்கரைகளில். முறையை வடக்கில் கற்று, கேள்வியைத் தெற்கில் கேட்கிற ஏற்பாடு. என்னைக் கேட்டால், சொந்தக் காசில் ஓராண்டுப் படிப்புக்குப் போவதைவிட இதற்கோ, உதவித்தொகையுள்ள முனைவர் ஆய்வுக்கோ இரண்டு வருடம் காத்திருந்து விண்ணப்பிப்பது மேல். ஏற்கெனவே ஏதாவது ஒரு கடலில் கால் பதித்து, மண்டைக்குள் ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருப்பவருக்கு மட்டும் ஓராண்டும் பயன்படும்.

இலங்கையின் ஆஷா டி வோஸ் செயின்ட் ஆண்ட்ரூஸிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்தவர். பிறகு மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய கேள்வி இந்த வகுப்பறைகளில் பிறக்கவில்லை. 2003இல் ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் இலங்கைக்கு அருகே போய்க்கொண்டிருந்தபோது நீலத் திமிங்கிலங்கள் கூடி நிற்பதைக் கண்டார்; தண்ணீரில் செங்கல் நிறத்தில் திமிங்கிலச் சாணம் மிதந்தது. நீலத் திமிங்கிலங்கள் குளிர்க்கடலில் தின்று, வெப்பக்கடலில் குட்டி போடும் என்பது பாடம். இங்கே தின்னாமலா சாணம் மிதக்கும்? வடக்கில் படித்த பாடத்தை அவருடைய ஊர்க் கடல் அங்கேயே திருத்திவிட்டது. இந்த வடஇந்தியப் பெருங்கடல் திமிங்கிலங்கள் ஆண்டு முழுக்க வெப்பநீரிலேயே தங்குபவை என்பதைச் சுற்றியே அவருடைய பின்னாளைய ஆய்வு நகர்ந்தது. வெளியிலிருந்து பறந்து வந்து, தரவை எடுத்துக்கொண்டு, உள்ளூர்க்காரர் யாரையும் வளர்க்காமல் திரும்பிவிடும் பாராசூட் அறிவியலை அவர் தொடர்ந்து சாடிவருகிறார். கொழும்பை மையமாக வைத்து 2017இல் அவர் தொடங்கிய ஓஷன்ஸ்வெல் அமைப்பில் இப்போது உள்ளூர் மாணவர்களுக்குப் பயிற்சி நடக்கிறது.